ஜூலை மழைக்கு ஜனவரி விறகு: மூணாறு மலையில் கேட்டலிட்டிக் அடுப்பு

புகையையும் சேர்த்து எரிக்கும் கேட்டலிட்டிக் விறகு அடுப்பு வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் முதல் புகார், "கேட்டலிஸ்ட் போயிடுச்சு" என்பதுதான். கண்ணாடி கறுக்கிறது, புகைபோக்கியில் வெள்ளையாகப் புகை போகிறது, கேட்டலிஸ்டின் சூட்டைக் காட்டும் டயலில் முள் ஏற மாட்டேன் என்கிறது. அதனால் உள்ளே கேட்டலிஸ்டாக இருக்கும், தேன்கூடு போலத் துளைகள் கொண்ட துண்டு செத்துவிட்டது, கடல் தாண்டிப் புதுசு வரவழைக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவிப் பிளந்து, பிளந்த முகத்தைக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் அடுப்பில் குறை இல்லை.

இந்த அடுப்பு கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பனியில் ஆறு மாதம் கிடக்கிற வீடுகளுக்காகச் செய்தது. அதோடு வரும் கையேடும் அந்த ஊர்க் குளிருக்கும் அந்த ஊர் விறகுக்கும் எழுதியதுதான். தேவிகுளம், வட்டவடை, சூரியநெல்லிப் பக்கம் ஒரு வீட்டில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பாதிக் கணக்கு மாறிவிடும். நம் ஊரில் குளிர் குறைவு, ஈரம் அதிகம், காற்று மெலிசு. இந்தப் பதிவு அந்த மாறுகிற பாதியைப் பற்றியது.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்பது. விறகு நேராக எரிவதில்லை. சூடேறியதும் அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. எரிவது அந்த ஆவி. காற்றைக் குறைத்து அடுப்பை மெதுவாக எரியவிட்டால் ஆவியில் பெரும்பகுதி எரியாமலே புகையாக மேலே போகும். அந்தப் புகை தானாகத் தீப்பிடிக்க ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். மெதுவாக எரியும் அடுப்பில் அந்தச் சூடு ஏது? பல்லேடியமோ பிளாட்டினமோ பூசிய தேன்கூட்டின் துளைகள் வழியாக அதே புகையைச் செலுத்தினால் 260 டிகிரியிலேயே அது எரியத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் வினையூக்கி என்று படித்தது இதுதான். 1970-களில் கார் புகைக்குழாய்க்காகக் கார்னிங் கம்பெனி செய்த பீங்கான் தேன்கூட்டின் உறவுக்காரத் துண்டு இது. இப்போது ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்ததும் கிடைக்கிறது. அது சீக்கிரம் சூடேறும், பீங்கான் சூட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும்.

ஆக, அடுப்புக்குள் இரண்டு தீ. கீழே விறகுத் தீ, மேலே புகைத் தீ. மேல் தீக்குச் சாப்பாடு புகைதான். ஆனால் அதில் நீராவி கலந்து வந்தால் தேன்கூடு குளிர்ந்து மேல் தீ அணைந்துவிடும். இந்த ஒரு வரி பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பழைய எஸ்டேட் பங்களாக்களில் இருக்கும் திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. நல்ல கேட்டலிட்டிக் அடுப்பு விறகின் சூட்டில் 75 சதவீதத்துக்கு மேல் அறைக்குள் தரும். புகைக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 1988-இல் போட்ட விதி, கேட்டலிட்டிக் அடுப்புக்குக் கடைசியில் மணிக்கு 4.1 கிராம் புகைத்துகள் என்று நின்றது. 2020 முதல் எல்லா விறகு அடுப்புக்கும் அது 2 கிராம். சாதாரண விறகை வைத்துச் சோதித்தால் 2.5 கிராம். இந்த எண்கள் காய்ந்த விறகுக்கு மட்டும்தான். பச்சை விறகை வைத்துவிட்டு 2 கிராம் அடுப்பு வாங்கினேன் என்று பெருமைப்பட முடியாது.

விறகு

நம் மலையில் விறகு என்றால் முதலில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ். தேயிலைத் தொழிற்சாலைக்கு எரிபொருளாக நட்டது, இப்போது வட்டவடை, காந்தளூர் வரை மேட்டில் எல்லாம் அதுதான். அடுத்து வாட்டில். அதற்கடுத்து தேயிலைக்கு நிழலுக்கு நின்ற சில்வர் ஓக். மூன்றும் இந்த அடுப்புக்கு நல்ல விறகுதான், காய்ந்திருந்தால். வெட்டிய அன்று கிராண்டிஸின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எடைக்கு வாங்குகிறவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார்.

விறகு லோடு வந்து இறங்கும்போது நடக்கும் பேச்சு எல்லா வாசலிலும் ஒன்றுதான்.

"காஞ்சதாண்ணே?"

"போன மழைக்கு முன்னாடி வெட்டுனதுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் வெட்டியதுதான். தோலோடு உருளையாக ஒரு வருடம் ரோட்டோரம் கிடந்தது. உருளை காயாது. பட்டைக்குள் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும், இரண்டு நுனியிலும் நாலு விரல் ஆழத்துக்கு மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வெடிப்பைப் பார்த்து ஏமாறுவது சுலபம். எப்போது வெட்டினீர்கள் என்று கேட்பதைவிட எப்போது பிளந்தீர்கள் என்று கேளுங்கள்.

கிராண்டிஸைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கோடாலி கடிக்கும், ஆப்பு வைத்தாலும் நார் விடாது. அளவு: தடிமன் 3 முதல் 5 அங்குலம், நீளம் அடுப்புக் குழியைவிட 2 அங்குலம் குறைவு. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே தகரம், பக்கம் நாலும் திறந்திருக்கட்டும். நீல தார்ப்பாயைப் போட்டு மூட்டை கட்டுகிறவர்கள் விறகை வேகவைக்கிறார்கள்; உள்ளே பூஞ்சணம்தான் மிச்சம். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வேண்டும். விறகுக்குக் காய்ச்சல் மட்டும் போதும்.

காலம்தான் இங்கே சிக்கல். இடவப்பாதி மழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும், துலா மழை நவம்பர்வரை இழுக்கும். காய்கிற காலம் டிசம்பர் பாதி முதல் மே பாதி வரை, ஐந்து மாதம். டிசம்பரில் வெட்டி, ஜனவரிக்குள் பிளந்து, வெயில் படும் மேட்டில் அடுக்கியது மட்டும்தான் அந்த வருடம் ஜூலையில் எரியும். மார்ச்சில் வந்த லோடு அடுத்த வருடத்துக்கு. மறையூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. மழை மறைவுப் பகுதி என்பதால் 40 கிலோமீட்டர் தள்ளி அங்கே பாதி நாளில் காய்ந்துவிடும். இடம் இருக்கிறவர்கள் விறகை அங்கேயே காயவைத்து, காய்ந்த பிறகு ஏற்றிவருவது வண்டிச் செலவிலும் லாபம். மறையூரில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் கரும்புச் சக்கையை வெயிலில் உதறிக் காயவைத்த பிறகுதான் கொப்பரை அடியில் தள்ளுவார்கள். அடுப்பு எதுவானாலும் இந்த அறிவு ஒன்றுதான்.

அளப்பதற்கு மாய்ஸ்சர் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு ஊசியையும் கட்டையின் வெளிப்பக்கம் குத்தினால் பொய் சொல்லும். அப்போதுதான் பிளந்த உள்முகத்தில், நாரின் போக்கிலேயே குத்த வேண்டும். 20-க்குக் கீழே வந்தால் எரிக்கலாம், 15 என்றால் அருமை. மீட்டர் காட்டும் 20 என்பது நூறு பங்கு காய்ந்த மரத்துக்கு இருபது பங்கு தண்ணீர். 12 கிலோ விறகு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 காட்டினால் அதில் 2 லிட்டர் தண்ணீர். 35 காட்டினால் 3 லிட்டருக்கு மேல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைத் தேன்கூட்டின் துளை வழியாக அனுப்பிக்கொண்டே முள் ஏறவில்லை என்று கவலைப்படுகிறோம்.

மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் டொப்பென்று விழும். ஒரு நுனியில் பாத்திரம் விளக்கும் சோப்பைத் தடவி மறு நுனியில் ஊதினால் காய்ந்த கட்டையில் குமிழ் வரும் என்பார்கள். மூச்சு வாங்குவதுதான் மிச்சம். தட்டிப் பார்ப்பதே மேல்.

காய்ந்த விறகும் மழைக்காலத்தில் மறுபடி ஈரம் குடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் 12-இல் நிற்கும், 80 ஆனால் 16, 90 ஆனால் 20, 95-க்குப் போனால் 24. மூணாற்றில் ஜூலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கொட்டகையில் எவ்வளவு அழகாகக் காய்ந்து கிடந்தாலும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே வீட்டுக்குள் அடுப்பு இருக்கும் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி. அதற்கு மேல் கிட்டே வேண்டாம், அடுப்பின் தலையில் அடுக்கவே வேண்டாம்.

சுள்ளிக்குத் தேயிலைக் கவாத்துக் குச்சியை மிஞ்ச ஒன்றும் இல்லை. விரல் தடிமன், கெட்டியான மரம், ஒரு மாதத்தில் காய்ந்துவிடும்.

போடக் கூடாதது: பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பால் பாக்கெட், கலர் அச்சுக் காகிதம், முந்திரித் தோல், கடற்கரையில் ஒதுங்கிய மரம். இதில் நம் பக்கத்துக்கென்று ஒன்று உண்டு. ஃபர்னிச்சர் பட்டறையில் சும்மா கொடுக்கும் ரப்பர் மரத் துண்டு. பார்க்க வெள்ளையாக, காய்ந்து, அளவாக இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க அதைப் போராக்ஸ் கரைசலில் ஊறவைத்திருப்பார்கள். அது தேன்கூட்டின் மேல் படியும். தோட்டத்திலிருந்து நேராக வந்த ரப்பர் விறகென்றால் பயமில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கமும் இந்த அடுப்பிடம் வேண்டாம். குழிக்குள் ஆவி தேங்கி ஒரே வீச்சில் பற்றினால் கதவுக் கண்ணாடியே வெளியே வரும்.

பற்றவைப்பது

அடுப்பின் தலையிலோ பக்கத்திலோ ஒரு கைப்பிடி இருக்கும். அதுதான் பைபாஸ். திறந்திருந்தால் புகை தேன்கூட்டைத் தொடாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போகும். மூடினால் தேன்கூடு வழியாக மட்டும் போகும். அடுப்பை ஓட்டுவது என்றால் இந்தக் கைப்பிடியை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான். காற்று நெம்புகோல் இரண்டாவது.

பைபாஸைத் திறந்து, காற்றை முழுசாகத் திறந்து தொடங்குங்கள். இரண்டு பெரிய கட்டை அடியில், அதன்மேல் குறுக்காகச் சின்னது, உச்சியில் கவாத்துக் குச்சியும் செய்தித்தாளும். தீயை உச்சியில் வையுங்கள். மேலிருந்து கீழே எரிந்து இறங்கும், புகை குறைவு. வழக்கமாக அடியில் பற்றவைத்துப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும்; இரண்டு நாள் பழக வேண்டும்.

மூணாற்றில் சாயங்காலம் வெளியே 15 டிகிரி, உள்ளே 18 என்றால் புகைபோக்கிக்கு இழுவை இருக்காது. கனடாவில் வெளியே மைனஸ் 20, உள்ளே 20. அங்கே கதவைத் திறந்தாலே உறிஞ்சும். இங்கே முதல் தீயின் புகை அறைக்குள் திரும்பும். ஒரு முழுச் செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து, பைபாஸ் வாய்க்கு நேராக ஒரு நிமிடம் பிடித்தால் குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் புகைபோக்கி வழியாகத்தான் அது காற்றை இழுக்கும்.

இருபது, முப்பது நிமிடத்தில் டயல் முள் 500 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, வேலை செய்யும் பகுதிக்குள் நுழையும். இது 260 டிகிரி செல்சியஸ். முள் தொட்டவுடன் மூடுவதுதான் அவசரக்காரர்களின் தப்பு. அந்த முள் சில நிமிடம் பின்தங்கியே நடக்கும். தவிர, தேன்கூடு மட்டும் சூடானால் போதாது, கீழே தணல் இருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தணலும், கட்டைகளின் மேல் கறுத்த வெடிப்பும் வந்த பிறகு மூடுங்கள். மூடிய பிறகு காற்றை உடனே குறைக்காமல் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். முள் கிடுகிடுவென்று ஏறும். புகைத் தீ பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

பிறகு காற்றை இரண்டு மூன்று தடவையாகக் குறைக்க வேண்டும். ஒரே இழுப்பில் அடைத்தால் குழிக்குள் எரியாத ஆவி நிறைந்து, கொஞ்சம் காற்று கிடைத்ததும் புஸ் புஸ் என்று வெடித்து, கதவு இடுக்கில் புகை துப்பும். அது கேட்டால் காற்றைக் கால் பங்கு திறந்துவிடுங்கள், அடங்கிவிடும். சில மாடல்களில் தெர்மோஸ்டாட் உண்டு. இரண்டு உலோகத் தகடு ஒட்டிய சுருள், சூட்டில் வளைந்து காற்றுத் துளையைத் தானே மூடும். மின்சாரம் வேண்டாம். மழைக்காலத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாத வட்டவடைக்கு இது பெரிய விஷயம்.

மேல்வரம்பு 1600 ஃபாரன்ஹீட், அதாவது 870 செல்சியஸ். முள் அதை நோக்கிப் போனால் காற்றைக் குறைக்கவும். அதற்கு மேல் போய் நின்றால் பூச்சு உரியும்.

தேன்கூடு தொடக்கத்தில் செக்கச்செவேலென்று ஒளிரும், பிறகு கறுத்துவிடும். ஒளி போனதைப் பார்த்து அணைந்துவிட்டது என்று பைபாஸைத் திறக்க வேண்டாம். மெதுவான தீயில் அது ஒளிராமலே வேலை செய்யும். நம்ப வேண்டியது முள்ளை, அடுத்து புகைபோக்கி நுனியை. நுனியில் வெள்ளையாக வந்து இரண்டு மூன்றடியில் கரைந்துபோனால் நீராவி. நீலச் சாம்பல் நிறத்தில் இழுபட்டு, கூரைமேல் படர்ந்து நின்றால் புகை. மூடுபனி இறங்கிய நாளில் இந்தப் பரிசோதனைக்கு வழியில்லை. வெளியே போய் முகர்ந்து பார்க்க வேண்டியதுதான்.

விறகு சேர்ப்பது, இரவு விடுவது

தணல் மட்டும் மிஞ்சி, முள் 500-க்கு அருகில் வரும்போது விறகு சேர்க்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் பைபாஸைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள். காற்றை முழுசாகத் திறங்கள். கதவை ஒரு அங்குலம் மட்டும் திறந்து பத்து எண்ணுங்கள், பிறகு முழுசாகத் திறங்கள். பைபாஸை மறந்து கதவைத் திறந்தால் குழியில் இருக்கும் புகை அத்தனையும் முகத்துக்கு வரும். வெளிக்காற்று உள்ளே பாய்ந்து கொழுந்து தேன்கூட்டில் அடித்தால் பீங்கான் விரிசல் விடும். வீட்டில் எல்லோரும் கதவைத் தொடுகிறவர்கள் என்றால் பைபாஸ் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள்.

தணலை முன்பக்கம் இழுத்து, புது விறகைப் பின்னால் நெருக்கமாக அடுக்குங்கள். இடைவெளி விட்டு அடுக்கினால் வேகமாக எரிந்து முடிந்துவிடும். கதவை மூடி, விறகின் முகம் கறுக்கும் வரை ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, பைபாஸை மூடுங்கள். தேன்கூடு சூடாகவே இருந்தால் இன்னும் சீக்கிரம் மூடலாம். ஈர விறகை அந்தச் சூட்டில் வைத்து உடனே மூடுவது மட்டும் கூடாது. கொதிக்கிற தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போலத்தான், பீங்கான் அதைத் தாங்காது.

இரவுக்கு எவ்வளவு? கையேடு குழி நிறையச் சொல்லும். செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் நாட்களைத் தவிர, மற்றபடி அரைக் குழியே இங்கே தாராளம். இதனால்தான் பெரிய அடுப்பு வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு அறை வீட்டுக்கு ஐந்து அறை அடுப்பை வைத்தால் அது எப்போதும் மூச்சடைத்தே ஓடும். முள் வேலை செய்யும் பகுதிக்குக் கீழே வழுக்கும், பிறகு இரவு முழுக்கப் புகைதான். குளிர் குறைவான இரவில் காற்றை இன்னும் அடைப்பது தீர்வல்ல. விறகைக் குறையுங்கள், காற்று கொஞ்சம் இருக்கட்டும்.

காலையில் கண்ணாடி கறுத்திருக்கும். மெதுவாக எரிந்த அடுப்பில் இது சகஜம். முதல் விறகை இருபது நிமிடம் வேகமாக எரியவிட்டால் பாதி போகும். மிச்சத்துக்கு ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் துடையுங்கள். இதற்கென்று விற்கும் திரவம் தேவையே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கி உயிர் போன செய்தி மலைப்பகுதிக்குப் புதிதல்ல. புகைபோக்கி உள்ள அடுப்பானாலும் இழுவை நின்றால் அதே கார்பன் மோனாக்சைடுதான் வரும். மணியடிக்கும் சின்னக் கருவி ஒன்றைப் படுக்கை அறையில் மாட்டுவது அடுப்பின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

குழாய்

நம் ஊரில் சமையலறைப் புகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் வைக்கும் பழக்கம் உண்டு. இந்த அடுப்புக்கு அது ஆகாது. உள்ளே புகை படிந்து உண்டான தார் (கிரியோசோட்) பற்றினால் பைப் வெடிக்கும். ஜி.ஐ. தகரக் குழாயில் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், பிறகு துருப்பிடிக்கும். அறைக்குள் கறுப்பு எஃகுக் குழாய் போதும். கூரைக்கு மேலேயும் சுவருக்கு வெளியேயும் இரட்டைத் தகடு கொண்ட, நடுவில் சூடு தாங்கும் கனிமக் கம்பளி (ராக்வுல்) அடைத்த ஸ்டெயின்லெஸ் குழாய் வேண்டும். காரணம் எளிது. தேன்கூடு புகையை எரித்துச் சூட்டை அறைக்குத் தந்துவிட்டதால் மேலே போகும் காற்று குளிர்ந்தே போகிறது. ஒற்றைத் தகரத்தில் மூடுபனி படும்போது அது வியர்த்து, கறுப்புத் தண்ணீராகச் சுவரில் வழியும்.

உயரம்: கையேடுகள் 15 அடி என்கின்றன. 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, இழுவையும் அப்படியே. 18 அல்லது 20 அடி வைத்துவிடுவது நல்லது. கூரையைத் துளைத்த இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக நுனி இருக்க வேண்டும். வளைவு கூடியமட்டும் வேண்டாம். கறுப்புக் குழாய்க்கும் மரச் சுவர், மரக் கூரைக்கும் நடுவே 18 அங்குலம் இடைவெளி. பழைய பங்களாக்களின் பலகைக் கூரையில் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான்.

உள்ளே படிந்த கரி 3 மில்லிமீட்டர் ஆனதும் துடைக்க வேண்டும், 6 மில்லிமீட்டர் ஆனால் குழாயில் தீப்பிடிக்கும் அளவு. முதலில் அடைபடுவது நுனியில் இருக்கும் வலைத் தொப்பி. இழுவை திடீரென்று குறைந்தால் ஏறிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நிஜமாகவே தேன்கூட்டில் குறை என்றால்

விறகு 18 காட்டுகிறது, குழாய் சுத்தம், அப்படியும் முள் ஏறவில்லை. அடுத்தது கதவுக் கயிறு, அதாவது கதவோரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட். பத்து ரூபாய்த் தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் சரி, வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்துவிட்டது. கதவைச் சுற்றி ஆறு இடத்தில் பாருங்கள். பைபாஸ் தகட்டுக்கும் கேஸ்கெட் உண்டு. அது சரியாக உட்காராவிட்டால் புகை குறுக்கு வழியில் ஓடிவிடும். முள் ஏறாததற்குக் கேட்டலிஸ்ட்டைவிட இது அடிக்கடி காரணம்.

அதுவும் சரியென்றால், அடுப்பு முழுக்க ஆறிய பிறகு தேன்கூட்டைப் பாருங்கள். துளைகளில் சாம்பல் வெள்ளையாக அடைத்திருந்தால் மெத்தென்ற பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் குழாயைத் தொடாமல் அருகில் பிடித்து இழுங்கள். கம்பி பிரஷ், கம்ப்ரஸர் காற்று இரண்டும் பூச்சைத் தின்றுவிடும். மயிரிழை விரிசல் பரவாயில்லை. துண்டாகப் பெயர்ந்தாலோ தொட்டால் உதிர்ந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

துளை சுத்தமாக இருந்தும் எரிப்பதில்லை என்றால் வினிகர் குளியல். நிறமில்லாத வெள்ளை வினிகர் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. காய்ச்சி வடித்த நீருக்கு எங்கேயும் அலைய வேண்டாம், பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பே படிந்துவிடும். சுற்றியிருக்கும் கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டு, சூடான கலவையில் அரை மணி நேரம் முக்கிவையுங்கள். பிறகு வெறும் பேட்டரித் தண்ணீரில் கால் மணி நேரம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீரில் கால் மணி நேரம். ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவையுங்கள். அரைகுறை ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் முதல் சூட்டிலேயே விரிசல் விடும். திரும்ப வைக்கும்போது சுற்று கேஸ்கெட் புதுசாக இருக்க வேண்டும். அது ஒருதடவை சூட்டில் உப்பி இறுகிக்கொள்ளும் வகை, இரண்டாம் தடவை உப்பாது.

ஆயுள் பொதுவாக 10,000 முதல் 12,000 மணி நேரம். கனடாவில் குளிர்காலம் முழுக்க இரவும் பகலும் எரிகிற வீட்டில் இது மூன்று வருடத்தில் தீரக்கூடும். இங்கே வருடத்துக்கு 180 இரவு, இரவுக்கு ஆறு மணி நேரம் என்றால் 1,080 மணி நேரம். காய்ந்த விறகு போட்டால் ஒன்பது முதல் பதினொரு வருடம் ஓடும். இரண்டாம் வருடமே போய்விட்டது என்றால் மறுபடி விறகுக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும்.

சாம்பலைத் தினமும் அள்ள வேண்டாம். ஒரு அங்குலம் மெத்தையாகக் கிடந்தால் தணல் நிற்கும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில், சிமென்ட் தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும், பிளாஸ்டிக் கூடை அதற்கு ஒரு வாய். ஆறிய சாம்பல் பூண்டுப் பாத்திக்கும் காய்கறிக்கும் போகலாம். தேயிலைச் செடியடியில் கொட்டாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பல் காரம்.

மார்ச்சில் அடுப்பை நிறுத்தும் அன்றே சாம்பலை ஒரு சிட்டிகை விடாமல் துடைத்துவிடுங்கள். காற்று ஈரத்தைக் குடித்த சாம்பல் அடித்தகட்டை அரிக்கும். கதவையும் பைபாஸையும் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்றோட்டம் இருக்கும், துரு குறையும். ஏப்ரலில் குழாயைத் துடைத்து, வலைத் தொப்பியைக் கழுவி, கதவுக் கயிறு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு அந்தக் கூரைமேல் யாரும் ஏறமாட்டார்கள்.